கேட்கத் தெரிந்த விநயம்

பெரியோர் முன்னிலையில் வாய் திறவாதிருப்பதே விநயம் என்னும் எண்ணம் எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் வேரூன்றியிருக்கிறது. பெரியாற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் வீடுகளிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போகும் பிள்ளை, ஆசிரியரைக் கண்டவுடன் எழுந்து நிற்கவும், குனிந்த தலை நிமிராமல் "சரிங்க சார்" என்று சொல்லவும் நன்றாக அறிவான். தனக்கு விளங்காத ஒன்றை விளங்கவில்லை என்று சொல்ல மட்டும் அறியான். கோரிப்பாளையத்தை அடுத்துள்ள அமெரிக்கன் கல்லூரியில் மாணவனாகவும், பின்னர் வேறு கிறிஸ்தவக் கல்விச்சாலைகளில் ஆசிரியனாகவும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. மௌனம் மரியாதையின் சிறு பகுதி. தெளிவாகக் கேட்பதும், கருத்து மாறுபட்டால் முகத்துக்கு நேரே சொல்வதும் அதன் பெரும்பகுதி.

ஒருவரை ஒருவர் மதித்து நடப்பது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்கன் கல்லூரியின் கதையிலேயே ஆதாரம் உண்டு. 1881-இல் பசுமலையில் தொடங்கி, 1909-இல் சம்ப்ரோ துரையின் காலத்தில் வையைக்கு வடகரையிலுள்ள இப்போதைய வளாகத்துக்கு வந்தது அக்கல்லூரி; அதன் நூலகம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திவிட்டு மதுரைக்கு வந்த டேனியல் பூவர் என்னும் பாதிரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூவர் சார்ந்திருந்த அமெரிக்க மதுரை மிஷன், 1847-ஆம் ஆண்டளவில், சாதி வேற்றுமையைக் கைவிட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று தன் சபையாரை வற்புறுத்தியபோது, அதற்கு இசையாமல் பலர் விலகிப் போயினர். பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்ற வினா ஒரு சபையையே கலக்கிய பூமி இது. ஆகையால், ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எவன் எவனைப் பார்த்து எப்படிப் பேசுகிறான் என்பதை நான் சிறு விஷயமாக எண்ணுவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் ஒருமுறை முதலாண்டு மாணவன் ஒருவன், தன் தந்தையினும் மூத்த பரிமாறுபவரைப் பார்த்து, "ஏய், ரசத்தை இங்க கொண்டா" என்று கூவினான். அவன் ஊரில் அது இயல்பான பேச்சாக இருந்திருக்கலாம். எதிரே அமர்ந்திருந்த மூத்த மாணவர் குரலை உயர்த்தாமல், "அண்ணே, கொஞ்சம் ரசம் ஊத்துங்கன்னு சொல்லு தம்பி, அவரும் நம்ம வீட்டு ஆளுதான்" என்றார். வேறு உபதேசம் ஏதும் செய்யவில்லை. தாமே அடுத்த முறை அவ்வாறு கேட்டுக் காட்டினார். அந்த வருஷம் முழுவதும் அம்மேசையில் "அண்ணே" என்ற விளியே நிலைத்தது. உபாத்தியாயரிடம் கைகட்டி நின்றுவிட்டு, கூட்டுபவரையும் காவலாளியையும் ஒருமையில் விளிப்பவன் கற்றிருப்பது பயமேயன்றி மரியாதை ஆகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அமெரிக்கன் கல்லூரியில் படித்த எங்களுக்குக் கேள்வி கேட்கும் துணிவை ஊட்டியவர்களுள் முக்கியமானவர்கள், அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிலிருந்து ஷான்சி அமைப்பின் வழியே வந்து ஆங்கிலம் கற்பித்த இளைஞர்கள். எங்களைவிடச் சில வயதே மூத்த அவர்கள், தங்களைப் பெயர் சொல்லி அழைக்கும்படி வேண்டுவார்கள். எங்களுக்கோ நா எழாது, "சார்" என்றே சொல்லிவந்தோம். ஆனால் அவர்கள் பாடத்தை நிறுத்தி, "இதை ஏன் ஒப்புக்கொள்கிறீர்கள்?" என்று வினவிவிட்டு, பதில் வரும்வரை பொறுமையோடு காத்திருப்பார்கள். முதலில் எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. நாளடைவில், மறுத்துச் சொன்னாலும் ஆசிரியரின் முகம் கோணுவதில்லை என்ற தைரியம் பிறந்தது. பெயர் சொல்லி அழைக்கும் அவர்கள் வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

இனி, அன்றாடத்துக்கு உதவும் சில. ஆசிரியர் அறைக்குப் போனால் வாசலில் நின்று அனுமதி கேட்டு, பெயரையும் வகுப்பையும் சொல்லி, வந்த காரியத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணுமில்ல சார்" என்று தொடங்கினால் அவருடைய நேரமும் உங்கள் நேரமும் வீணாகும். வகுப்பில் ஆசிரியர் சொன்னது தவறென்று தோன்றினால், "சார், நான் படித்த புத்தகத்தில் இப்படி இருந்தது, எது சரி?" என்று கேளுங்கள், பின்வரிசையில் சிரிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு நேர்மையானது. கைப்பேசியில் செய்தி அனுப்பும்போது, நள்ளிரவில் "சார் மார்க் போடலையா" என்று மொட்டையாக எழுதாமல், வணக்கமும் பெயரும் பதிவெண்ணும் முழு வாக்கியமுமாகப் பகல் வேளையில் எழுதுங்கள். கூடப் படிக்கும் பெண்களைப் பற்றி அவர்கள் இல்லாத இடத்தில் பேசும் பேச்சும் நடத்தையைச் சேர்ந்ததே. மூத்த மாணவர்கள் அறிமுகம் என்ற பெயரால் இழிவுபடுத்தினால் மட்டும் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே ராகிங் சட்டப்படி குற்றமாக்கப்பட்டுவிட்டது. அன்றே விடுதிக் காப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

வழிபாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் ஊர்ப் பெற்றோரின் முதற் சந்தேகம் அதுதான். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவர் சம்மதமின்றி, வயது வராதவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது என்று நம் அரசியல் சாசனத்தின் 28-ஆம் உறுப்பு விதிக்கிறது. அதே சாசனத்தின் 30-ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையையும் காக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவேதான் நம் நடத்தை அமைய வேண்டும். பிரார்த்தனை நடக்கும் கூட்டத்தில் இருக்க நேர்ந்தால், மற்றவர் எழும்போது எழுந்து, கைப்பேசியை அணைத்து, அமைதியாக நில்லுங்கள். உங்கள் நம்பிக்கையில் இல்லாத சொற்களை உதட்டால் உச்சரிக்க வேண்டியதில்லை. அவ்வாறே, கிறிஸ்தவ மாணவன் பக்கத்து இருக்கைக்காரனின் விபூதியையோ தொப்பியையோ கேலி செய்தல் அவன் சார்ந்த நெறிக்கே விரோதமாகும்.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், கார்த்திகை மாதம் ஐயப்பனுக்கு மாலை போட்ட மாணவன் ஒருவன் கறுப்பு வேட்டியோடும் வெறுங்காலோடும் வந்தபோது, உடை விதியைக் காட்டி வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். தோழர்கள் கொதித்து, வகுப்பைப் புறக்கணிப்போம் என்றார்கள். அவன் என்னிடம் வந்தான். அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். தன் பெயர், வகுப்பு, விரதம் முடியும் தேதி, வேட்டியும் வெறுங்காலும் அவ்விரதத்தின் நியமம் என்ற விளக்கம், வேதியியல் செய்முறை வகுப்பில் அமிலம் சிந்தும் அபாயம் இருப்பதால் அவ்வேளையில் மட்டும் ரப்பர்ச் செருப்பு அணிந்துகொள்வதாக ஓர் உறுதி, இறுதியில் நன்றி. அரைப் பக்கத்துக்கு மேல் இல்லை. மன்றாட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. அன்று மாலையே அனுமதி கிடைத்தது. அந்தச் செருப்பைப் பற்றிய வரியே அதிகாரியின் மனத்தை மாற்றியது என்று நான் நம்புகிறேன். எதிரில் இருப்பவரின் பொறுப்பையும் அவன் நினைத்துப் பார்த்திருக்கிறான் என்பதை அது காட்டியது.

பணிவென்றால் குரலே எழக்கூடாது என்று யாரும் கருதிவிட வேண்டாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக எங்கள் ஊரிலும் மதுரைத் தமுக்கத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் இரவு பகலாக அமர்ந்திருந்தபோது, ஊரார் சோறாக்கிப் போட்டார்கள். அப்பிள்ளைகளின் குரல் உரத்தே இருந்தது. பரிமாற வந்த பெண்களை "அம்மா", "அக்கா" என்று எழுந்து நின்று விளித்ததையும் அருகிருந்து கண்டேன். உரத்துக் கேட்கவும் பணிந்து பேசவும் ஒரே பிள்ளையால் இயலும்.

ஆதலால் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது: பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும்போது, "வாத்தியாரை எதிர்த்துப் பேசாதே" என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், "புரியலைன்னா மரியாதையாக் கேட்டுட்டு வா" என்றும் சொல்லி அனுப்புங்கள்.