மின் கிதாரின் குடம்

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

வீணையை நாம் அறிவோம். பலா மரத்தில் குடைந்த குடம் ஒன்று அதற்கு உண்டு. தந்தி தனியாக அதிர்ந்தால் எழும் ஓசை அடுத்த அறைக்குக்கூட எட்டாது. அந்த மெல்லிய அதிர்வைக் குதிரையின் வழியாக வாங்கிக் குடமும் அதன் மேற்பலகையும் காற்றை அசைப்பதால்தான் வீணை சபைக்குக் கேட்கிறது. குடம் மாறினால் நாதமும் மாறும். ஆகவே குடத்தை வீணையின் துணைப்பொருள் என்று எவரும் சொல்வதில்லை. வீணையில் பாதி அது.

மின் கிதாருக்குக் குடம் எங்கே இருக்கிறது? 1954-இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற கிதார்களின் உடல் கெட்டியான மரப்பலகை. உள்ளே காற்றறை கிடையாது. மின்சாரமின்றி மீட்டினால் கொசுவின் ரீங்காரம் அளவே கேட்கும். அதன் குடம் ஒரு கம்பிக்கு அப்பால், ஆம்ப்ளிஃபயர் என்னும் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால், எந்த ஆம்ப்ளிஃபயரை வாங்குவது, எந்தப் பெடலை வாங்குவது என்னும் கேள்விகளுக்கு விடை காண்பது எளிது.

எங்கள் கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான் கிதார் வாசித்து வருகிறேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முழுவதையும் கிதாருக்கே கொடுத்துவிட்டு, அதை வீட்டிலுள்ள பாட்டுப் பெட்டியில் செருகி வாசித்துப் பார்த்து, "கிதார் சரியில்லை அண்ணா" என்று விற்கப் புறப்பட்ட தம்பிகள் இருவரை நான் அறிவேன். கிதாரில் குறை ஏதும் இல்லை. அதற்குக் குடம் இல்லை, அவ்வளவே. அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கிதாரிலிருந்து வருவது என்ன?

கிதாரின் தந்திக்குக் கீழே பிக்கப் என்னும் உறுப்பு உள்ளது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றிய சுருள் அது. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இங்கும் வேலை செய்கிறது.

அச்சுருளின் மின்தூண்டல் எண் ஏறத்தாழ 3 ஹென்றி என்று கொள்வோம். அதிர்வெண் கூடக் கூடச் சுருளின் தடுப்பும் கூடும் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 200 ஹெர்ட்ஸில் அது சுமார் 3,800 ஓம். 4,000 ஹெர்ட்ஸில் சுமார் 75,000 ஓம். பாட்டுப் பெட்டியின் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10,000 முதல் 50,000 ஓம் வரைதான். எனவே தாழ்ந்த ஒலிகள் தடையின்றி உள்ளே செல்ல, உயர்ந்த ஒலிகளில் பெரும்பகுதி சுருளிலேயே தங்கிவிடுகிறது. கிதார் கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோல் ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. கிதாருக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுத் தடை வழக்கமாக 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். அங்கே இந்த இழப்பு நேர்வதில்லை.

இணைக்கும் கம்பிக்கும் இதில் பங்குண்டு. சாதாரணக் கிதார் கம்பியின் மின்தேக்குத் திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட். 3 மீட்டர் கம்பியோடு மேற்சொன்ன சுருள் சேர்ந்தால் ஒத்ததிர்வு சுமார் 5,300 ஹெர்ட்ஸில் அமையும். 6 மீட்டர் கம்பியானால் அது 3,750 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சுருளின் சொந்தத் தேக்குத் திறனை விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்கு இது. ஆயினும் பாடம் தெளிவு: தேவைக்கு மேல் நீண்ட கம்பி வாங்காதீர்கள்.

எத்தனை வாட் வேண்டும்?

100 வாட் பெட்டி 10 வாட் பெட்டியைவிடப் பத்து மடங்கு உரக்க ஒலிக்கும் என்று பலரும் நினைக்கின்றனர். நம் செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் உயர்வு நம் செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகவே தோன்றும். பத்து மடங்கு வாட்டுக்குப் பணம் கொடுத்து நாம் பெறுவது இரு மடங்கு ஓசை.

ஸ்பீக்கரின் உணர்திறனும் இதே அளவு முக்கியம். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 94 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் தருவதை வைத்தால், ஆம்ப்ளிஃபயரின் திறனை நான்கு மடங்காக்கியதற்கு அது சமம். விளம்பரத்தில் வாட் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண்ணைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

விடுதி அறைக்கு 5 அல்லது 10 வாட் தாராளம். டிரம்ஸோடு பயிற்சி செய்ய வால்வுப் பெட்டியானால் 15 முதல் 30 வாட், டிரான்சிஸ்டர் பெட்டியானால் 30 முதல் 50 வாட் போதும். கலையரங்குக்கு என்று தனியாகப் பெரிய பெட்டி தேவையில்லை. சிறிய பெட்டியின் முன் ஒரு மைக்கை வைத்தால் அரங்கின் ஒலிபெருக்கிகள் எஞ்சிய வேலையைச் செய்யும். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கும் பொருந்தும்.

வால்வா, டிரான்சிஸ்டரா, கணிப்பொறியா?

வால்வு ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் உந்தினால் அலையின் முகடு மெல்ல மழுங்கும். எளிய டிரான்சிஸ்டர் சுற்றில் முகடு கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று துண்டிக்கப்படும். மழுங்கிய அலையில் மேற்சுரங்கள் படிப்படியாகச் சேர்வதால் செவிக்கு அது இதமாக இருக்கிறது. லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், அமெரிக்க ஃபெண்டர் பேஸ்மேன் பெட்டியின் சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு 1960-களின் தொடக்கத்தில் ஜேடிஎம் 45-ஐ உருவாக்கினார். ராக் இசையின் முழக்கம் பெரும்பாலும் அவ்வழியே வந்தது.

மறுபுறம், 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆனது. தெளிவான ஒலிக்குப் பெயர் பெற்றது. ஆகவே வால்வு உயர்ந்தது, டிரான்சிஸ்டர் தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்வதற்கில்லை. எந்த இசைக்கு என்பதே கேள்வி. கமகம் நிறைந்த நம் இசைக்குத் தெளிவும் நீளமும் வேண்டும். மாண்டலின் யு. சீனிவாஸ் (1969–2014) மின் மாண்டலினைக் கையாண்டதை எண்ணிப் பாருங்கள். சாதாரண மாண்டலினில் மீட்டிய சுரம் விரைவில் மாய்ந்துவிடும். மின்கருவியில் அது நீடித்ததால் கமகத்தின் வளைவுகள் சபைக்குக் கேட்டன.

மூன்றாவது வகை, பல பெட்டிகளின் குணத்தைக் கணக்கிட்டுப் போலச் செய்யும் எண்முறைப் பெட்டி. 1998-இல் வந்த லைன் 6 பாட் இவ்வகையைப் பரவலாக்கியது. இன்று குறைந்த விலையிலும் இவை கிடைக்கின்றன. ஹெட்ஃபோனில் வாசிக்கலாம் என்பதால் விடுதி மாணவருக்கு ஏற்றவை. வாங்கும்போது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரிதும் விழுங்கிவிடும். அந்த வடிகட்டல் இல்லாமல் கரகரப்பான ஒலியை நேரே அரங்க ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் தேனீக் கூட்டம் கலைந்ததுபோல் இருக்கும். ஸ்பீக்கரும் குடத்தின் பகுதியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பெடல்கள்

பெடல் என்பது கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. நான்கு இனங்களாக இவற்றைப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் இனம் அலையைச் சிதைப்பது; ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் ஆகியன இதில் அடங்கும். இதன் பிறப்பே சுவையானது. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' பாடலின் ஒலிப்பதிவில், கருவிப் பழுதினால் கிரேடி மார்ட்டினின் பேஸ் கிதார் கரகரத்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அப்பழுதைக் குப்பையில் போடாமல், அதே ஒலியைத் தரும் சுற்றை அமைத்தார். அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலில் அது உலகப் புகழ் பெற்றது.

சிதைந்த ஒலியில் ஒரு விதி உண்டு. 200, 300 ஹெர்ட்ஸ் ஆகிய இரு சுரங்களைச் சேர்த்து மீட்டினால், அவற்றின் வேறுபாடான 100, கூட்டுத்தொகையான 500 போன்ற புதிய ஒலிகளும் பிறக்கும். ச–ப என்னும் இணைக்கு இவை பொருந்தி வலுவூட்டும். ஆறு தந்தியிலும் விரிந்த கார்டுக்குச் சேறுபோல் குழம்பிவிடும். மெல்லிசைக்குக் கார்டு வாசிப்பவர் இப்பெடலை அடக்கமாகவே வைக்க வேண்டும்.

இரண்டாம் இனம் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் நிறத்தையும் திருத்துவது. கம்ப்ரெசர் உரத்த ஒலியை அடக்கி, மெல்லிய ஒலியை நீட்டும். 1960-களின் நடுவில் பிறந்த வா-வா பெடல், நாம் வாயைத் திறந்து மூடி 'வா' என்பதுபோல் ஒலியின் நிறத்தை மாற்றும்.

மூன்றாம் இனம் அசைவு தருவது. கோரஸ், ஃபேசர் முதலியன. கோரஸ் ஒரு கிதாரைப் பல கிதார்கள் சேர்ந்து ஒலிப்பதுபோல் காட்டும். ஜேசி-120-இல் இருந்த இந்த வசதியே 1976-இல் பாஸ் சிஇ-1 என்ற தனிப் பெடலாயிற்று.

நான்காம் இனம் இடத்தைப் படைப்பது. டிலே, ரிவெர்ப் ஆகியன. 300 மில்லி விநாடி எதிரொலி என்றால், ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், 51 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் நிற்பதாகப் பொருள். தாளத்தோடு இயைக்க 60,000-ஐ நிமிடத் தட்டு எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டானால் விடை 500 மில்லி விநாடி.

பெடல்களை எந்த வரிசையில் வைப்பது? சுருதி பார்க்கும் டியூனர், வா-வா, கம்ப்ரெசர், சிதைப்பன, அசைப்பன, எதிரொலி என்பதே பொது முறை. பேச்சு முடிந்த பின்பே சுவர் எதிரொலிக்கும். ஆதலால் எதிரொலி கடைசியில் நிற்பது இயற்கை. அதை முன்னே வைத்தால் எதிரொலிகளும் சிதைந்து ஒன்றோடொன்று மோதும்.

பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட்டில் இயங்குவன. அடாப்டர் வாங்குமுன் மின்முனை திசையையும், தேவையான மில்லி ஆம்பியரையும் பெடலின்மேல் பார்த்துக்கொள்க.

வாங்கும் முறை

உங்கள் கிதாரையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெடல் ஏதுமின்றி நேரே செருகுங்கள். ஆம்ப்ளிஃபயரின் திருகுகளை எல்லாம் நடுவில் வைத்து வாசியுங்கள். மென்மையாக மீட்டியபோதும் வன்மையாக மீட்டியபோதும் வேறுபாடு தெரிகிறதா? கிதாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்தால் ஒலி தெளிகிறதா, செத்துவிடுகிறதா? கையை எடுத்தபின் இரைச்சல் எவ்வளவு? வீட்டில் வாசிக்கும் அளவிலும் மேடை அளவிலும் இரண்டு முறை கேளுங்கள். இத்தேர்வில் தேறாத பெட்டியை எந்தப் பெடலும் கரையேற்றாது.

என் யோசனை இது: பணத்தில் பாதியைக் கிதாருக்கும், பாதியை ஆம்ப்ளிஃபயர், கம்பி, டியூனர் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். முதல் ஆறு மாதம் வேறு பெடல் வேண்டாம். வாசிக்க வாசிக்க "இந்த இடத்தில் சுரம் நீளவில்லையே", "இந்த இடம் வறண்டிருக்கிறதே" என்று உங்கள் செவியே குறை சொல்லும். அக்குறைக்கு ஒரு பெடல் என்று ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

உயிர்க் காப்பு

இப்பகுதியை மட்டும் படித்தாலும் எனக்கு மகிழ்ச்சியே. கிதாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்துள்ளன. வாசிப்பவர் எப்போதும் எர்த்தைத் தொட்டபடி நிற்கிறார். மைக்கில் மின்கசிவு இருந்தால், அதைத் தொட்டதும் மின்சாரம் அவர் உடல் வழியே பாயும். 1972 மே 3-ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார்.

நம் பந்தல் மேடைகளில் மூன்று முனைச் செருகியை வெட்டி இரண்டு கம்பிகளை மட்டும் பொந்தில் சொருகும் வழக்கம் உண்டு. வெட்டப்படுவது உயிர்க் காப்பான எர்த் கம்பி. அத்தகைய இணைப்பில் கிதாரைச் செருகாதீர்கள். நிகழ்ச்சி அரை மணி தாமதமானாலும் பாதகமில்லை. 120 வோல்ட்டுக்குச் செய்த வெளிநாட்டுப் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேரே இணைக்கக் கூடாது. வால்வுப் பெட்டியை ஸ்பீக்கர் இன்றி இயக்கினால் அதன் மின்மாற்றி பழுதடையும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது.

முடிவுரை

குடமில்லா வீணையை எவரும் விலைக்குக் கேட்பதில்லை. மின் கிதாரை வாங்குவோரும் அதன் குடத்தைச் சேர்த்தே கேட்க வேண்டும். இருக்கும் இடத்துக்கேற்ற ஒரு நல்ல பெட்டி, குறுகிய கம்பி, சரியான எர்த் ஆகிய மூன்றும் அமைந்தால் மலிவான கிதாரும் பாடும். அடுத்த ஆண்டு எங்கள் குழுவில் சேர விரும்பும் தம்பி தங்கையர், வாங்குமுன் ஒரு மாலை பயிற்சி அறைக்கு வந்து, அங்குள்ள பெட்டியில் தங்கள் கிதாரைச் செருகிக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.