முற்றத்து நிழற்கோல்

விஞ்ஞானம் பயில்வார்க்குக் கண்ணாடிக் கலங்களும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றியமையாதன என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. அதனால், அவை அமையாத சிற்றூர்ப் பிள்ளைகள், பாடப்புத்தக வாக்கியங்களை மனனஞ் செய்து ஒப்புவித்தலே விஞ்ஞானக் கல்வி எனக் கொண்டுவிடுகின்றனர். பூமி உருண்டை வடிவினது என்று கூறும் சிறுவனை, அஃது உனக்கு எவ்வாறு தெரியும் என வினவின், புத்தகத்தில் உள்ளது என்பான். கேட்டறிதல் வேறு, கண்டறிதல் வேறு. இவ்வேற்றுமையை ஒரு கோலும் அதன் நிழலுங் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுவையின் மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சார்ந்த காட்டேரிக்குப்பத்தில், வெயில் தடையின்றி விழும் முற்றம் வாய்த்த ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அவ்வீட்டுப் பிள்ளைக்கு வேண்டுவன நான்கே: நேரானதொரு கோல், நூல், சிறு கல், கோலமாவு. நிலத்தின்மேல் ஒரு மீட்டர் உயர்ந்து நிற்குமாறு கோலை நடுக. நூலிற் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கொத்தர் சுவரை நோக்குமாறுபோலக் கோல் சாயாமையை நோக்குக. கோலின் அடியை நடுவாகவும் ஒரு மீட்டரை ஆரமாகவுங் கொண்டு கோலமாவினால் வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் மீண்டுந் தொடும் இடத்தையும் குறித்து இணைப்பின், அதுவே கிழக்கு மேற்குக் கோடு. கோலின் அடிவழியே அதற்குச் செங்குத்தாக இடுங் கோடு வடக்கு தெற்காம்.

இஃது அயல்நாட்டினின்றும் வந்த புதுமையன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், ஞாயிறு ஒருபுறமுஞ் சாயாத நண்பகற்பொழுதிற் கோல் நட்டு, நூல் பிடித்து, திசை தெரிந்து அரண்மனை வகுத்த செய்தியை நக்கீரர் கூறுகின்றார். செய்யுளாகக் கற்ற அதனைச் செய்து பார்த்தவர் நம்முட் சிலரே.

நிழல் வடக்கு தெற்குக் கோட்டிற் படியுங் கணமே அவ்வூரின் உண்மை நண்பகல். வாரம் ஒருமுறை அப்பொழுது நிழலை அளந்து ஏட்டில் எழுதிவரச் செய்க. ஞாயிற்றை நேரே நோக்காவண்ணம் காத்தல் பெரியோர் கடன். திசம்பர் 22 அளவில் நிழல் வடக்கே ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் நீளும். பின்னர் நாடோறுங் குறுகி, ஏப்ரல் 21 அளவில் அறவே மறையும். அதன்பின் தெற்கே திரும்பி, சூன் 21-இல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வளர்ந்து, ஆகஸ்டு 21 அளவில் மீண்டும் மறையும். நண்பகல் நிழல் எப்போதும் வடக்கிலேயே விழும் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, அது தெற்கே திரும்பும் நாள் மறவா நாளாகும்.

ஆகஸ்டில் மேகம் மறைத்தலும் உண்டு, அதனால் மனந்தளரற்க. வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடக்குங் காட்சியை 1761-இல் கப்பலில் இருந்தமையாற் செவ்வனே அளக்கமாட்டாத பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ஜாந்தி, எட்டாண்டுகள் கீழ்நாட்டுப் பகுதிகளிலே தங்கிப் புதுவையிற் காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில், உரிய நேரத்தில் மேகம் ஞாயிற்றை மறைத்துவிட்டது! பொறுமையும் விஞ்ஞானியின் கருவிகளுள் ஒன்றேயாம்.

இனி, பூமியின் வடிவத்திற்கு வருவோம். புதுவையில் நிழல் மறையும் அதே ஏப்ரல் நாளில், தில்லியிலுள்ள உறவினர் ஒருவர் தம் ஊர் நண்பகலில் ஒரு மீட்டர் கோலின் நிழலை அளப்பின் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் காண்பர். அம்முக்கோணத்தைத் தாளில் வரைந்து பாகைமானியால் அளந்தால், கோலின் நுனியிலுள்ள கோணம் 17 பாகைக்குச் சற்றுக் குறையும். இரண்டிடங்கட்கும் இடையே வடக்கு தெற்காகத் தொலைவு ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். 17 பாகைக்கு இவ்வளவாயின் 360 பாகைக்கு எவ்வளவு? விடை 40,000 கிலோமீட்டரை ஒட்டி நிற்கும். பூமியின் சுற்றளவும் அதுவே. ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முன் எரட்டோஸ்தெனீசு என்பார் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் நிழலை அளந்து, சையீன் நகரத்தோடு ஒப்பிட்டுக் கணித்த முறை இதுவே.

மனப்பாடத்தை நான் இகழவில்லை. சென்னை வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை முன்னர் வகித்த சான் வாரன், 1825-இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுவைப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் குறித்துள்ளார். அவர் ஏடும் எழுதுகோலுமின்றி, சோழிகளை நிலத்திற் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளாற் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வியக்கத்தக்க ஆற்றல்! ஆயினும் அக்கணக்கின் அடிப்படையை அவர் அறிந்திலர் என்றும் வாரன் எழுதினார். முன்னோர் ஞாயிற்றையுந் திங்களையும் நோக்கிக் கண்டது, நோக்குவாரின்றி வெறும் வாய்பாடாயிற்று. நம் பள்ளிப் பிள்ளைகளின் விஞ்ஞானமும் அவ்வாறு ஆகிவிடுமோ என்பதே நாம் அஞ்சத்தக்கது.

இதனைத் தடுத்தல் அரசினர்க்கும் ஆசிரியர்க்குமே உரிய கடமையன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ஒவ்வொருவரும், தம்பி தங்கையரை அழைத்து முற்றத்தில் ஒரு கோல் நடலாம். விடையை முந்திச் சொல்லாதிருத்தலே நாம் செய்யத்தக்க பேருதவி. படைத்தவர் வானத்தில் வகுத்த ஒழுங்கைத் தம் வீட்டு மண்ணிலே தம் கையால் அளந்த பிள்ளை, பூமி உருண்டை என்பதற்குப் புத்தகத்தைச் சான்று காட்டாது. தன் ஏட்டைக் காட்டும்.