எந்த வண்டுக்கு மருந்து?

கேமரன் மலையில் 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலை இலைக்காகவே வளர்க்கப்படுகிறது. கவ்வாத்தும் கொழுந்து பறிப்பும் செடியை அதிகம் பூக்க விடுவதில்லை. ஆகவே கொழுந்துக்குத் தேனீயின் தயவு வேண்டியதில்லை. லயத்து வீடுகளின் பின்னால் படரும் பூசணிக்கோ அது இன்றியமையாதது.

சென்ற மாதம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நம் கடைக்கு வந்து, “பாய், வண்டு மருந்து குடுங்க” என்றார். பழக்கத்தில் புட்டியை எடுத்துவிட்டோம். பிறகே எந்த வண்டு என்று கேட்டோம். இலையைத் தின்னும் சிவப்பு வண்டும், பூவுக்குள் நுழையும் பெரிய கறுப்பு வண்டும் என்றார்.

வியாபாரச் சகோதரர்களே, இரண்டையும் வண்டு என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சிவப்பு மெய்யான வண்டுதான். அதன் முன்சிறகுகள் ஓடுபோல் முதுகை மூடி, நடுவில் ஒரே கோடாகச் சேரும். அது இலையைச் சல்லடையாக்கும். மண்ணிலிருக்கும் அதன் புழு வேரைத் தின்னும். நாற்று இரண்டிலையாக இருக்கையில் வந்தால் செடியே போய்விடும்.

கறுப்போ தேனீ இனம். தச்சுத் தேனீ என்பர். நான்கு சிறகும் மெல்லியவை. காய்ந்த மரத்தைத் துளைக்கும், ஆனால் மரத்தைத் தின்னாது; துளைக்குள் மகரந்தமும் தேனும் பிசைந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிடும். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பிசுபிசுப்பான அந்த மகரந்தத்தைக் காற்று கொண்டுசேர்க்காது. இத்தகைய தேனீக்களே உடம்பில் ஒட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

இதனால் வண்டெல்லாம் கெடுதல் என்று எண்ணிவிடலாகாது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகே, நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தம் தூவும் செலவு ஒழிந்தது.

மருந்துக்கு இந்தப் பேதமெல்லாம் தெரியாது. சென்ற ஆண்டு இன்னொருவருக்கு ஒன்றும் கேளாமல் விற்றோம். பூத்த கொடியில் காலை வேளையில் தெளித்திருக்கிறார். கொடி செழித்தது, பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. காசு வாங்கிய கை நம்முடையது.

எனவே பெரியவரிடம் சொன்னோம்: சிவப்பு வண்டு விடியற்குளிரில் மந்தமாக இருக்கும், அப்போது கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், தப்பாமல் மருந்துதான் வேண்டுமென்றால், பூ மதியத்துக்குள் வாடிவிடும், மாலையில் இலைக்கு மட்டும் தெளியுங்கள், கறுப்பை விட்டுவிடுங்கள்.

அவர் புட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு டின் பால் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.