சாவி கொடுத்தால் ஓடிய ரயில்

கேள்வி: என் தகப்பனார் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கித் தந்த சாவி ரயில் தொலைந்துபோயிற்று. அதுபோல் ஒன்றைப் பழம்பொருள் சந்தையில் தேடிப் பிடிப்பது எப்படி?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூர் மார்க்கெட் 1985-ஆம் வருஷத்துத் தீயில் சாம்பலாயிற்றாயினும், அங்கே விலைபோன பொம்மைகள் யாவும் அக்கினிக்கு இரையாகிவிடவில்லை, தங்கள் ரயிலின் சகோதரர்கள் எவர் வீட்டுப் பரணிலேனும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடுமாதலால் விசனம் வேண்டாம். முதற்காரியமாக, திண்டுக்கல்லில் தங்களுக்குப் பழக்கமான பழைய இரும்புக் கடைக்காரரிடம், பரண் சாமான்கள் வருகையில் தகரப் பொம்மைகளை நசுக்காமல் எடுத்துவைக்கும்படி சொல்லிவையுங்கள். சந்தைக்குப் போவதாயின், கூட்டம் சேருமுன் விடியற்காலையிலேயே, கையில் ஓர் அளவுகோலுடன் செல்லுங்கள். தண்டவாளங்களின் இடைவெளி 32 மில்லிமீட்டராயின், 1920 முதல் ஹார்ன்பி கம்பெனியார் செய்த சாவி ரயில்களின் ஜாதியென்றும், 16.5 ஆயின் பெரும்பாலும் பிற்கால மின்சார ரயிலென்றும் அறியலாம். சாவியைப் பாதியளவே முறுக்கி ஸ்பிரிங்கைப் பரீட்சியுங்கள். துருவைக் காட்டிலும், அதனை மறைக்கப் பூசிய புதுவர்ணத்துக்கே அதிகம் அஞ்சவேண்டும். தகப்பனாரின் ஞாபகத்தைப் பற்றி மட்டும் விலை படிந்தபின் பேசுங்கள். கண்ணீரைக் கண்ட வியாபாரி விலையைக் குறைத்ததாகச் சரித்திரமில்லை.