மலையில் அகப்பட்டவர் பிழைத்த விதம்



பறங்கிமலைப் படிகளையும் பல்லாவரத்துக் குன்றுகளையும் ஏறிப் பழகிய நம் வாலிபர்களுக்கு மலை என்றால் விளையாட்டு. விடுமுறை வந்தால் கொடைக்கானல், ஏலகிரி என்று கூட்டமாய்ப் புறப்படுகிறார்கள். போகட்டும், நல்லதே. ஆனால் 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீக்கு இரையான 20-க்கு மேற்பட்டோரில் சென்னையிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. ஆகையால் மலையில் அகப்பட்டும் பிழைத்த இருவரைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

2022 பிப்ரவரி 7-ந் தேதி, பாலக்காட்டை அடுத்த மலம்புழையில் 23 வயது வாலிபன் ஒருவன் நண்பர்களோடு மலை ஏறினான். கால் வழுக்கி, செங்குத்தான பாறையின் பிளவு ஒன்றில் போய்த் தங்கினான். ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. காலில் காயம். நண்பர்களால் அவனை எட்ட முடியவில்லை. அவனோ தான் இருக்கும் இடத்தைச் செல்போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு, பிளவிலேயே காத்திருந்தான். சோறில்லை, தண்ணீரில்லை. ஹெலிகாப்டரும் நெருங்க முடியவில்லை. நீலகிரி வெல்லிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவ வீரர்கள் வந்து இரவிலேயே மலை ஏறினார்கள். 9-ந் தேதி காலை ஒரு வீரர் கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு அவனைத் தம்மோடு மேலே கொண்டு வந்தார். அதற்குள் 40 மணி நேரத்துக்கு மேல் கடந்திருந்தது.

1984 மே மாதம் எவரெஸ்ட் ஏறச் சென்ற பச்சேந்திரி பால் அம்மையார், சுமார் 24,000 அடி உயரத்தில் கூடாரத்தில் உறங்குகையில் பனிச்சரிவில் புதையுண்டார். உடனிருந்த தோழர் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து, பனியைத் தோண்டி அவரை மீட்டார். அதே மாதம் 23-ந் தேதி அவர் சிகரத்தை அடைந்தார். அதை எட்டிய முதல் இந்தியப் பெண்மணி அவரே.

இவர்கள் இருவரும் தைரியசாலிகள்தாம். ஆனால் இவர்களைக் காப்பாற்றியது பிறர் கை. அந்தக் கை வந்து சேர்ந்ததோ, இவர்கள் இருக்கும் இடம் பிறருக்குத் தெரிந்திருந்ததால். இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை:

முதலாவது, தனியே போகாதீர்கள். வனத்துறை அனுமதியின்றிக் காட்டில் நுழையாதீர்கள்.

இரண்டாவது, அகப்பட்டால் இருட்டில் வழி தேடி அலையாதீர்கள். ஆபத்தில்லாத இடமாய்ப் பார்த்து அங்கேயே இருங்கள். 112-க்குப் பேசுங்கள், செல்போனை வீணாக்காதீர்கள். ஒரு விசில் வைத்திருங்கள். நிமிஷத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதுவது மலையேறுவோர் அறிந்த அபாயக் குறி.

மூன்றாவது, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் உள்ளபடி சொல்லுங்கள். நண்பன் வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலைக்குப் போனவனை, ஆபத்து வேளையில் எங்கே தேடுவது? பெற்றோரே, உண்மையைச் சொன்ன பிள்ளையின் மேல் எரிந்து விழாதீர்கள். எரிந்து விழுந்தால் அடுத்த முறை பொய்தான் வரும்.

காணாமற்போன ஆட்டைத் தேடி மலைக்குப் போகிற நல்ல ஆயனை நாம் அறிவோம். தேடி வருபவருக்குக் குரல் கொடுப்பதில் வெட்கம் வேண்டாம்.