விலைப்பட்டியலில் விடுபட்ட ஒரு வரி

‘பிபிஇ’ என்றதும் 2020ஆம் ஆண்டுக்குப் பின் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, மருத்துவமனையில் தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடைதான். ஆனால் தனிநபர் பாதுகாப்புக் கருவிகள் என்ற அச்சொல்லின் பிறந்த வீடு தொழிற்கூடம். தலைக்கவசம், கண்ணாடி, முகத்திரை, கையுறை, காலணி, செவியடைப்பு, முகமூடி, உயரத்தில் வேலை செய்வோர் அணியும் இடுப்பு–தோள் வார் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

பவனா ஆறு முளாவுடன் கலக்கும் பகுதியை ஒட்டியுள்ளது சாங்வி. பிம்ப்ரி–சிஞ்ச்வாட் மாநகராட்சிக்கு உட்பட்ட இப்பகுதி இன்று பெரும்பாலும் அடுக்ககக் குடியிருப்பாகிவிட்டது. ஆனால் அந்த அடுக்ககங்களுக்குச் சன்னல் கம்பியும் படிக்கட்டுக் கைப்பிடியும் செய்து தரும் பட்டறைகள் தெருமுனைகளில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பட்டறைக்குக் கடன் வழங்கும் முன் நேரில் பார்வையிடச் சென்றிருந்தேன். உரிமையாளர் கொடுத்த விலைப்பட்டியலில் வெல்டிங் இயந்திரம், கட்டிங் இயந்திரம், துளையிடும் இயந்திரம், கம்பிச் சரக்கு என ஆறு வரிகள் இருந்தன. சுவரில் ஓர் ஆணியில் நான்கு பாதுகாப்புக் கண்ணாடிகள், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை பிரியாமல் தொங்கின.

ஏன் அணியவில்லை என்று அங்கிருந்த பணியாளரைக் கேட்டேன். விழுப்புரம் பக்கத்துக்காரர், முப்பது வயது. “போட்டா வேர்த்து மங்கிடுது சார். கோடு தெரியல. கோடு தெரியலன்னா அளவு தப்பும், மொதலாளி திட்டுவாரு” என்றார். சோம்பலும் அறியாமையும்தான் காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். அவர் சொன்னதோ தொழில் தெரிந்தவரின் காரணம். மங்கும் கண்ணாடியை வாங்கிய பின் அதை அணியச் சொல்வதில் பொருளில்லை. காற்றுப்போக்கு உள்ளதும் மங்காத பூச்சுடையதுமான கண்ணாடிகள் சற்றே கூடுதல் விலையில் கிடைக்கின்றன. அன்று அதை நான் உரிமையாளரிடம் சொல்லவில்லை. என் வேலை இயந்திரங்களை எண்ணுவது, எண்ணிவிட்டு வந்தேன்.

ஏழு மாதங்களுக்குப் பின் ஒரு கட்டிங் சக்கரம் உடைந்து அதன் துண்டு அந்தப் பணியாளரின் வலக்கண்ணில் பாய்ந்தது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

நான்கு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் விளிம்பிலிருந்து தெறிக்கும் துண்டு மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும். இமை மூடுவதற்கு அங்கே நேரமில்லை.

வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, மற்றொரு கண் நலமாக இருக்க ஒரு கண்ணை இழப்பது 40 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் இழப்பு. கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என 2020இல் உயர்த்தப்பட்டது. அதில் 60 விழுக்காடு 9,000. முப்பது வயதுக்குரிய காரணி 207.98. இரண்டையும் பெருக்கி 40 விழுக்காடு எடுத்தால் 7,48,728 ரூபாய். 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இதே கணக்குமுறையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டுள்ளது. நல்ல கண்ணாடி ஒன்றின் விலை சில நூறு ரூபாய். அந்தப் பட்டறையின் கடன் கணக்கு ஓராண்டுக்கு மேல் தடுமாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணியாளரின் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனமாயின், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு அரசுத் தொழிலாளர் ஈட்டுறுதி, அதாவது இ.எஸ்.ஐ., உண்டு. உரிமையாளர் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். பணியில் காயமுற்று ஓய்வில் இருக்கும் நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். அந்தப் பட்டறையில் இருந்தவர்களோ ஐவர்.

கருவிகளை வாங்குவதில் நாம் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று எண்ணுவது. வெல்டிங் ஒளிக்கு அதற்கென்றே செய்த கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகத்திரை வேண்டும். வெயிலுக்கு அணியும் கண்ணாடி அதைத் தடுக்காது. அந்த ஒளியின் புற ஊதாக் கதிர் கண்ணைச் சுட்டது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், மணல் கொட்டியதுபோல் உறுத்தி எழுப்பும். தூசிக்கு அணியும் முகமூடி வண்ணப்பூச்சின் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்தியது தேவை. இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம்: துளையிடும் இயந்திரத்திலும் கடைசல் இயந்திரத்திலும் வேலை செய்யும்போது கையுறை அணியக் கூடாது. சுழலும் பகுதி கையுறையின் நூலைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

பவர் பிரஸ் எனப்படும் அழுத்து இயந்திரத்தில் கதையே வேறு. வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழப்போரைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அந்த இயந்திரத்தின் அழுத்தத்துக்கு முன் எந்தக் கையுறையும் நிற்காது. கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் இறங்காதபடி தடுக்கும் உணர்கருவியோ, இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்கும் பொத்தான்களோதான் தீர்வு. ஆபத்தை அகற்றுவது முதற்படி. இயந்திரத்துக்குக் காப்பு இடுவது அடுத்தது. உடலில் அணியும் கருவி கடைசி அரண். சக்கரத்தின் மேலுள்ள இரும்பு மூடியை ‘வேலைக்கு இடைஞ்சல்’ என்று கழற்றி எறிந்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் நம்புவது, கதவைத் திறந்துவைத்துப் பூட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். அந்தப் பட்டறையிலும் மூடி கழற்றப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 2925, கண் காப்புக்கு ஐ.எஸ். 5983, காலணிக்கு ஐ.எஸ். 15298 என்பன தர எண்கள். ஒருமுறை பலத்த அடி வாங்கிய தலைக்கவசம், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றப்பட வேண்டியதே. விலையைத் தொழிலாளியின் கூலியில் பிடிப்பது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவு அதைத் தடை செய்தது. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பணியாளரிடம் கட்டணம் பெறலாகாது என்கிறது.

நம் வங்கிக் கிளையிலேயே செய்துகொள்ளக் கூடியது ஒன்றுண்டு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள கணக்குதாரர் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து தானே எடுக்கப்படும். காப்புக் காலம் சூன் 1 முதல் மே 31 வரை. விபத்தில் உயிரிழந்தாலும் இரு கண்களை இழந்தாலும் 2 லட்சம் ரூபாய். ஒரு கண் பார்வையை மீளாதபடி இழந்தால் 1 லட்சம். அந்தப் பணியாளருக்கு நம் கிளையில் கணக்கு இருந்தது. திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. மே மாத இறுதியில் கணக்கில் 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும்படி இப்போதெல்லாம் வருவோரிடம் நானே சொல்கிறேன்.

சென்ற ஆண்டு அதே உரிமையாளர் கடனைப் புதுப்பிக்க வந்தார். விலைப்பட்டியலில் ஏழாவதாக ஒரு வரி கூடியிருந்தது: மங்காத கண்ணாடி ஆறு, முகத்திரை இரண்டு, சக்கர மூடி மூன்று. “இதையும் சேர்த்துக்கலாமா சார்?” என்று தயங்கிக் கேட்டார். சேர்த்தேன். பார்வையிடப் போனபோது கண்ணாடிகள் அதே ஆணியில் தொங்கின. உறை இல்லை, எல்லாவற்றின் மேலும் பொடிப்பொடியாகக் கீறல்கள். மிகவும் கீறிப்போன இரண்டை மட்டும் உடனே மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.