வெள்ளத்திற்குப் பின்னும் குழு நிலைப்பது எங்ஙனம்?

சுய உதவிக் குழுவின் உட்கடன் முறை ஒரு நம்பிக்கையின் மேல் எழுந்தது. துன்பம் ஒருவர்பின் ஒருவராகவே வரும், ஒருவர் இடருறும்பொழுது ஏனையோர் சேமிப்பு அவரைத் தாங்கும் என்பதே அது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் இக்கணக்கிற்கு உடன்படுவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. பாகூருக்கோ மழை தணிந்த பின்னரே பேரிடர் வந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி அப்பகுதிச் சிற்றூர்களுள் புகுந்தது. வில்லியனூர்ப் பக்கம் வீடூர் அணையின் நீர் சங்கராபரணி வழியே வந்து சேர்ந்தது.

இத்தகைய நாளில், ஒரே தெருவைச் சேர்ந்த பத்து இருபது அங்கத்தினர்களின் நெல்லும் ஒருங்கே சாய்கிறது. குழித்தறியில் நீர் நின்றால் பாவு கெடும். மரம் ஊறிப் பிசகும். குழி உலர்ந்து தறி மறுபடி ஓடப் பல நாள் செல்லும். கடன் வேண்டாதார் ஒருவருமிலர். தவணை கட்டுவாரும் ஒருவருமிலர். வெறுங்கையுடன் கூட்டத்திற்கு வர நாணி ஒவ்வொருவராக நின்றுவிடுகின்றனர். நாம் பெரிதும் அஞ்சவேண்டுவது இவ்வாறு கூடாமல் கழியும் வாரங்களையே. சேமிப்பைச் சில வாரம் ஒத்திவைக்கலாம், கூட்டத்தை நிறுத்தலாகாது.

வட்டி வருவாயில் ஒரு சிறு பகுதியை இடர்க்கால நிதியென ஒதுக்கி, உட்கடனுக்கு எடுக்காமல் வங்கியிலேயே வைத்தல் நன்று. அதுவும் போதாது. தாழ்ந்த ஊர்க் குழுக்கள் தம்முள் மட்டும் கூட்டமைப்பாய் இணைந்து பயனென்ன? எல்லாரும் சேர்ந்தே நனைவர்! மேட்டு நிலக் குழுக்களும் அதில் இடம்பெற வேண்டும்.

ஜெர்மனியில் 1846-47 பஞ்சத்தின்போது ரைபைசன் என்பார் செல்வர்களின் உதவிகொண்டு ஏழைகளுக்கு உணவளித்தார். ஆயினும் 1864-இல் ஹெட்டஸ்டார்பில் கடன் பெறுவோரையே பொறுப்பாளிகளாக்கி அமைத்த சங்கமே பிற ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. நிவாரணத் தொகையைக் குழுவின் மூலதனமென எண்ணுவோர் இதனைக் கருதுக.

வங்கிக் கடனுக்குத் தவணை நீட்டிப்பு வேண்டின், தவணை தவறுமுன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். அதற்குக் கணக்கேடு வேண்டும். ஏடோ வெள்ளத்தில் முதலில் அழிவது. மாதந்தோறும் அதன் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, வேற்றூர்க் குழு ஒன்றிடமும் ஒரு படி வைத்தல் எளிது.

இவையனைத்தையும் புரட்டாசியிலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி யாவரும் கையொப்பமிடுதல் வேண்டும். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் கூட்டத்திற்கு ஆள் சேர்வது அரிது.